இரண்டு கை கேட்கும் ஆட்டம்

அத்தியாயம் 9

மாஸ்டரின் சட்டையில் மூன்றாவது பொத்தானுக்கு வந்ததும் அவர் மனைவியின் கை நின்றது.

"இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள சொல்லணும்" என்றாள், பொத்தானைப் பார்த்தபடியே.

 மாஸ்டர் இடது கையைத் தொடையோடு ஒட்டி வைத்திருந்தார். சுட்டுவிரல் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். நடுவிரல் உள்ளே சுருண்டிருக்க வேண்டும். கட்டைவிரல் யாருக்கோ சொந்தமானதுபோலத் தொங்க வேண்டும். முதலில் இதற்கெல்லாம் கவனம் தேவைப்பட்டது. இப்போது தானாகவே வந்துவிடுகிறது.

போன வாரம் ஒரு போன் வந்ததிலிருந்து வீடு இப்படித்தான் இருக்கிறது, பேச்சு பாதியில் நிற்கும் வீடாக. அவர் மனைவி ஒரு பல் மருத்துவமனையில் உதவியாளர். பன்னிரண்டு வருஷமாக, அடுத்தவர் வாயில் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இப்போது வேறு ஊரில் ஆறு மாதப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. முடித்துவிட்டு வந்தால் பல்லைச் சுத்தம் செய்வது, ஈறு பார்ப்பது எல்லாம் தனக்கென்று ஒரு நாற்காலி போட்டு அவளே செய்யலாம். நாற்பது பேர் கேட்டதில் நாலு பேருக்குக் கிடைத்தது.

கிடைத்த நேரம்தான் சரியில்லை. நாலு மாதத்துக்கு முன், சட்டைத் தொழிற்சாலையில் துணி வெட்டும் மாஸ்டராக மேஜைமுன் நின்றிருந்தபோது, அவர் இடது கை விரல்கள் இரண்டில் இயந்திரக் கத்தி ஏறிவிட்டது. எலும்பு தப்பியது. விரலை இழுத்து மடக்கும் நாண்கள் அறுந்துபோயின. ஒட்டித் தைத்தார்கள். "எப்போ சரியாகும்?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் வீட்டில் ஒரே பதில்தான்: "பார்க்கலாம்."

உண்மையில் அந்தக் கை சரியாகி ஆறு வாரம் ஆகிறது. அது தனக்கு மட்டும்தான் தெரியும் என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டிருந்தார்.

"வரலைன்னு எழுதி அனுப்பிடறேன்" என்றாள் மனைவி.

"உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்."

"எனக்கு எது சரின்னு படுதுன்னா உங்களைக் கேட்டேன்? ஒத்தைக் கையை வச்சுக்கிட்டு ஆறு மாசம் என்ன பண்ணுவீங்க? சட்டையைப் போட யாரு, தட்டுல இருக்கறதைப் பிச்சுப் போட யாரு?"

"நான் இல்லையாம்மா?" என்று கேட்டுக்கொண்டே பையைத் தோளில் மாட்டியபடி மகள் வந்தாள். கட்டட வரைபடம் போடும் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. ஆனாலும் வீட்டில் இன்னும் அவளுக்கு 'வாலு' என்றுதான் பெயர்.

"நீயா? காலையில எட்டு மணிக்குப் போனா ராத்திரி எட்டு மணிக்கு வர்றே. உன் துவைச்ச துணியையே நான் மடிச்சு வச்சாத்தான் உண்டு. நீ அப்பாவைப் பாத்துப்பியா!"

வாலு சிரிக்கவில்லை. வழக்கமாக இதற்கு ஒரு பதிலடி வைத்திருப்பாள். இன்று அப்பாவைத்தான் பார்த்தாள்.

"அப்பா, நீ ஒண்ணும் சொல்லலையா?"

"நான் என்னத்தைச் சொல்றது?"

"ஒண்ணுமில்ல." குனிந்து செருப்பு வாரைப் போட்டாள். அதைப் போட அவ்வளவு நேரம் ஆகாது.

மனைவி மீதிப் பொத்தான்களையும் போட்டாள். காலரை இழுத்துச் சரிசெய்தாள். கடைசியில் அவர் இடது கையைத் தூக்கி, தையல் தழும்பின் மேல் ஒரு தரம் விரலை ஓட்டிவிட்டு, கீழே விட்டாள். கை தொப்பென்று விழுந்தது. அப்படி விழவைப்பதற்கும் பழகியிருந்தார்.

*

இருவரும் போனபின் பத்து நிமிஷம் அவர் அசையமாட்டார். மறந்துபோன குடைக்காகவோ சாப்பாட்டு டப்பாவுக்காகவோ யாராவது திரும்பி வரலாம். பத்து நிமிஷம் கழிந்ததும் எழுந்து, வாலுவின் அறைக்குள் போய், கணினி முன்னால் உட்கார்ந்தார்.

இதை ஆரம்பித்து வைத்தவளே வாலுதான். விரல்களுக்கு அசைவு கொடுக்க வேண்டும் என்று மருத்துவமனையில் கைக்குப் பயிற்சி கொடுக்கிற அம்மா மென்மையான ரப்பர்ப் பந்து ஒன்றைத் தந்திருந்தார். இரண்டே நாளில் மாஸ்டர் அதை அலமாரியின் அடியில் உருட்டிவிட்டார். "பந்து வேணாம்னா வாளைப் பிடி" என்று சொல்லி இந்த ஆட்டத்தைப் போட்டுக் கொடுத்தாள். இரண்டு வாள் ஏந்திய வீராங்கனை ஒருத்தி. இருண்ட கோட்டை, பாழடைந்த பாலம், திரும்பின பக்கமெல்லாம் பூதமும் பிசாசும் எலும்புக்கூடும். வெட்ட வேண்டும். வெட்டிக்கொண்டே போக வேண்டும். அவ்வளவுதான் கதை. வீராங்கனைக்கு 'கத்திரி' என்று பெயர் வைத்ததும் வாலுதான்.

வலது கைக்கு வாள். இடது கைக்கு மற்றதெல்லாம். முன்னே போவது, பின்னே வருவது, பக்கவாட்டில் உருண்டு தப்பிப்பது, ஓடுவது. முதல் வாரம் சுட்டுவிரல் பொத்தானை அழுத்தவே மறுத்தது. கத்திரி சுவரைப் பார்த்தபடி நிற்பாள், எலும்புக்கூடுகள் வந்து சாவகாசமாக அவளைக் கொன்றுவிட்டுப் போகும். வாலு விழுந்து விழுந்து சிரித்தாள். மூன்றாவது வாரம் விரல் அசைந்தது. ஏழாவது வாரத்தில் ஒருநாள் பகலில் கத்திரி பாலத்தின் மேல் ஓடினாள், உருண்டாள், எழுந்தாள், ஒரே மூச்சில் பதினாலு பேரைச் சாய்த்தாள். மாஸ்டர் கீழே குனிந்து தன் கையைப் பார்த்தார். ஐந்து விரலும் வேலை செய்துகொண்டிருந்தன.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் நினைத்தார். முதலில் முதலாளியிடம் சொல்லிவிட்டு வருவோம் என்று கிளம்பித் தொழிற்சாலை வாசல்வரை போனார். உள்ளே வெட்டு இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. இருபத்தாறு வருஷம் கேட்ட சத்தம். எண்பது அடுக்குத் துணியை வெண்ணெய் மாதிரி அறுத்துக்கொண்டு போகும் கத்தியின் இரைச்சல். அவர் முதுகு நனைந்துவிட்டது. வாசலுக்கு எதிர்ப்பக்கம் இருந்த மரத்தடியில் போய்க் காலையில் சாப்பிட்டதையெல்லாம் வாந்தி எடுத்தார்.

கம்பிவலைக் கையுறை மாட்டியிருந்தால் கத்தி ஏறியிருக்காது. எல்லோரையும் மாட்டச் சொல்லி விரட்டுகிறவரே அவர்தான். ஆனால் தன் கையில் மாட்டமாட்டார். கீழே எந்த அடுக்கு நழுவுகிறது என்பது வெறும் விரலுக்குத்தான் தெரியும் என்பார். அதைச் சொல்லிக்காட்டுவதில் அவருக்கொரு பெருமை. அந்தப் பெருமையைத்தான் கத்தி முதலில் அறுத்தது.

அன்று சாயந்திரம் மனைவி கேட்டாள், "கை எப்படி இருக்கு?"

"அப்படியேதான்."

ஒருநாள் தவணை வாங்குவதாகத்தான் நினைத்துக்கொண்டார். மறுநாளும் கேட்டாள். மறுநாளும் அதே பதில். நாலாம் நாள் உண்மையைச் சொல்வதென்றால், மூன்று நாள் பொய்யையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

ஆட்டத்தில் மட்டும் பயமில்லை. அங்கே கத்தி அவர் சொன்ன இடத்துக்குப் போனது. அவர் கண்ணுக்குப் பூதங்கள்கூடத் துணியாகத்தான் தெரிந்தன. சட்டையில் கை சேரும் இடத்தில் வெட்டினால் எந்தப் பூதமும் இரண்டாகப் பிரியும். இன்று காலை அவருக்காகக் காத்திருந்தவன் ஆறு கை எலும்பு ராஜா. மூன்று நாளாக மாஸ்டரை ஓட ஓட விரட்டியவன். ஒவ்வொரு கையிலும் ஒவ்வோர் ஆயுதம். நாற்பத்தோரு தடவை கத்திரி செத்துப்போனாள்.

இன்று அவர் அவசரப்படவில்லை. அடிப்பதை விட்டுவிட்டு உருண்டுகொண்டே இருந்தார். எந்தக் கைக்குப் பிறகு எந்தக் கை வருகிறது என்று மட்டும் பார்த்தார். ஐந்தாவது கை ஓங்கி ஆறாவது கை கிளம்பும் முன், சட்டையின் தையல் வாய் பிரிந்த மாதிரி விலாப் பக்கம் ஓர் இடைவெளி. அதில் நுழைந்தார். வெட்டு, வெட்டு, உருளு. வெட்டு, வெட்டு, உருளு. எலும்பு ராஜா முழங்காலில் விழுந்தான். அப்புறம் கலகலவென்று உதிர்ந்தான்.

"செத்தியாடா!" என்று கத்திக்கொண்டே மாஸ்டர் இரண்டு கைகளையும் மேலே தூக்கினார்.

மேஜைமேல் இருந்த போன் அடித்தது. வாலு.

"அப்பா."

"ம்... என்னம்மா, ஆஃபீஸ்ல வேலை இல்லையா?"

"எலும்பு ராஜாவை அடிச்சிட்டே போல."

இன்னும் தூக்கியபடியே இருந்த மாஸ்டரின் இடது கை இறங்கியது.

"நீ என் நண்பர் பட்டியல்ல இருக்கேப்பா. முதல் நாள் நான்தானே சேத்து வச்சேன். நீ எதை ஜெயிச்சாலும் என் போன்ல டிங்குன்னு வந்து விழும். பாலம், பாம்பு மண்டபம், இரட்டைப் பூதம், எல்லாம் வந்துச்சு."

அவர் திரையைப் பார்த்தார். கத்திரி எலும்புக் குவியலின் மேல் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"அதில்ல வாலு, ஒரு கையாலேயே... கொஞ்சம் பழகிட்டா..."

"அப்பா, வேணாம்ப்பா." குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் தேவலை. "ரெண்டு ஞாயித்துக்கிழமை நான் தோழி வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனேன்ல? போகலை. ஆஃபீஸ்ல யாரும் இருக்கமாட்டாங்க. அங்க உக்காந்து, இடது கையை முதுகுக்குப் பின்னால வச்சுக்கிட்டு, இதே ஆட்டத்தை ஆடிப் பாத்தேன்."

"எதுக்கு?"

"ஒரு கையால முடியும்னா, நீ பொய் சொல்லலைன்னு ஆயிடும்ல."

 அவள் அலுவலகத்தில் எங்கோ ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"முடிஞ்சுதா?" என்று கேட்டார் மாஸ்டர். கேட்டபின்தான் எவ்வளவு அசட்டுக் கேள்வி என்று தோன்றியது.

"பாலத்தையே தாண்ட முடியலை."

பெற்ற மகள் ஒரு காலி அலுவலகத்தில், ஞாயிற்றுக்கிழமை முழுக்க, ஒரு கையைக் கட்டிப்போட்ட மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். அப்பன் யோக்கியன் என்று தனக்குத்தானே நிரூபிப்பதற்காக.  அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டாவது நிமிர்ந்திருப்பார்.

"திட்டேன் வாலு."

"திட்ட வரலை. அம்மா இன்னைக்கு இடத்தை வேணாம்னு அனுப்பப் போறா. நான் சொன்னா உன்னைக் காட்டிக் கொடுத்த மாதிரி ஆயிடும். எனக்கு அது வேணாம். நீயே போய்ச் சொல்லு. இப்பவே போ." பிறகு அவசரமாக, "மேனேஜர் வர்றார், வச்சிடறேன்."

*

போனை வைத்தபின்னும் கிளம்புவதற்கு அவருக்கு மூன்று மணி நேரம் பிடித்தது. இரண்டு தடவை தெருமுனைவரை போய்த் திரும்பினார்.

பேருந்தில் உட்கார இடமில்லை. ஜன்னலோரம் இருந்த ஒரு பெண் அவரைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து, "நீங்க உக்காருங்க" என்றாள். எதற்கு என்று புரியாமல் குனிந்து பார்த்தார். இடது கை தன்பாட்டுக்குப் பாதி மடங்கித் தொங்கிக்கொண்டிருந்தது. கத்திரியை அத்தனை வேகமாக ஓட்டிய கை. நீட்டலாம் என்று நினைத்தார். அந்தப் பெண் பார்த்துக்கொண்டிருக்கும்போது எப்படி நீட்டுவது? உட்கார்ந்துகொண்டார்.

பல் மருத்துவமனையில் அதைவிட மோசம். வரவேற்பில் இருந்த பெண் அவரைக் கண்டதும் எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். "அக்கா சொல்லிட்டே இருப்பாங்க சார், உங்க கையைப் பத்தி" என்றாள். தண்ணீரை மூடி போட்ட குவளையில் ஊற்றி, உறிஞ்சுகுழல் ஒன்றைச் செருகி, அவர் வலது கைப்பக்கம் பார்த்து வைத்தாள். பக்கத்தில் வீங்கிய கன்னத்தோடு உட்கார்ந்திருந்த பெரியவர்கூட, தன் வலியை மறந்துவிட்டு உச்சுக்கொட்டினார். மாஸ்டர் குழலில் வாயை வைத்துத் தண்ணீரை உறிஞ்சினார். 

நாலு மணி தாண்டி மனைவி வெளியே வந்தாள். பச்சை முகக்கவசம், தலையில் பச்சைத் தொப்பி. கண்கள் மட்டும்தான் தெரிந்தன.

"என்னாச்சு? வாலுவுக்கு ஏதாவது..."

"இல்லை. யாருக்கும் ஒண்ணுமில்லை. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

கருவிகளைக் கழுவிச் சுத்தம் செய்யும் சின்ன அறைக்கு அழைத்துப் போனாள். ஒரு மூலையில் நீராவிப் பெட்டி சீறிக்கொண்டிருந்தது. அவள் கையுறையைப் போட்டுக்கொண்டு, தட்டிலிருந்த கருவிகளை ஒவ்வொன்றாகக் காகித உறையில் போட்டு ஒட்டத் தொடங்கினாள். "சொல்லுங்க. இதை முடிச்சாகணும்."

  அவள் நாலு உறை ஒட்டினாள். ஐந்து. ஆறு.

தட்டின் ஓரத்தில் பல் வேரைக் குடையும் ஊசி ஒன்று தனியே கிடந்தது. தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் கனம். மாஸ்டர் இடது கையை நீட்டினார். சுட்டுவிரலாலும் கட்டைவிரலாலும் அதை எடுத்தார். எடுத்து, அவள் திறந்து வைத்திருந்த உறைக்குள் நேராகப் போட்டார்.

அவள் உறையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நீராவிப் பெட்டி ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது.

அந்த அமைதியில்தான் அவருக்குப் பேச வந்தது. அவள் முகத்தைப் பார்க்காமல், சுவரில் மாட்டியிருந்த துண்டைப் பார்த்துச் சொன்னார். ஆறு வாரம் என்றார். பகலெல்லாம் கணினியில் பூதங்களை வெட்டிக்கொண்டிருந்தேன் என்றார். அதைச் சொல்லும்போது தன் காதுக்கே எவ்வளவு கேவலமாகக் கேட்கிறது என்று ஒரு கணம் நிறுத்தினார். பிறகு தொழிற்சாலை வாசலையும் சொன்னார். மரத்தடியையும் சொன்னார். "அந்தக் கத்தி முன்னால நிக்க என்னால முடியலை. அதைச் சொல்ல வெட்கமா இருந்துச்சு. கை சரியில்லைன்னு சொல்றது சுலபமா இருந்துச்சு."

அவள் ஏன் என்று கேட்கவில்லை. எப்படி உங்களுக்கு மனசு வந்தது என்று கேட்கவில்லை. உறையின் வாயை மடித்து, விரலால் ஒரு தரம் நன்றாகத் தேய்த்து ஒட்டினாள். ஒட்டியதையே இன்னொரு தரம் தேய்த்தாள்.

"வரலைன்னு மத்தியானமே எழுதிட்டேன்" என்றாள். "கடிதம் டாக்டர் மேஜையில இருக்கு. அவங்க ஒரு வார்த்தை எழுதி, அஞ்சு மணிக்குள்ள மெயில்ல அனுப்பணும்."

"காரணம்னு என்ன எழுதினே?"

"உங்க கையைத்தான்."

"அப்போ வாங்கிக் கிழிச்சிடு. இன்னும் நேரம் இருக்கு."

"நான் போய் டாக்டர்கிட்ட என்னன்னு சொல்றது? நாலு மாசமா இந்த இடம் முழுக்க என் புருஷன் கை, என் புருஷன் கைன்னு சொல்லி வச்சிருக்கேன்." முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களே போய்ச் சொல்லுங்க."

*

டாக்டர் அம்மாள் அறுபதை நெருங்கியவர். மூக்கு நுனியில் கண்ணாடி. மேஜைமேல் ஒரு பக்கக் கடிதம், அதன்மேல் மூடி திறந்த பேனா.

"வாங்க மாஸ்டர் சார். உக்காருங்க. உங்க வீட்டம்மா மாதிரி ஒருத்தி கிடைக்க நீங்க கொடுத்து வச்சிருக்கணும்" என்றார் சிரித்துக்கொண்டே. "இப்படிப்பட்ட இடத்தை யாராவது வேணாம்பாங்களா? நான் ரெண்டு நாளா மன்றாடிட்டேன்."

மாஸ்டர் உட்காரவில்லை. மனைவி கதவருகே நின்றுவிட்டாள்.

"டாக்டர், என் கை சரியாயிடுச்சு" என்றார். கையை நீட்டி, ஐந்து விரல்களையும் மடக்கி விரித்துக் காட்டினார். வகுப்பில் கையை நீட்டிக்கொண்டு அடிக்கு நிற்கும் பையனைப்போல இருந்தது அவருக்கு.

டாக்டரின் முகம் மலர்ந்தது. "அடடே! இன்னைக்குப் பரிசோதனைக்குப் போனீங்களா? இன்னைக்குத்தான் சொன்னாங்களா?"

தப்பிக்க எவ்வளவு அகலமான வாசல். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். எல்லோரும் கைதட்டுவார்கள். கடிதம் குப்பைக்கூடைக்குப் போகும். மனைவி பயிற்சிக்குப் போவாள். யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை.

"இல்லை டாக்டர்" என்றார். "சரியாகி ஆறு வாரமாச்சு. நான்தான் வீட்டுல சொல்லாம மறைச்சேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். பார்வை மாஸ்டரிடம் தங்கவில்லை. அவரைத் தாண்டிக் கதவருகே போனது. அப்போதுதான் மாஸ்டருக்கு உறைத்தது. தன் மானம் போவதைப் பற்றியே வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருக்கிறார். நாளைக்கும் இதே அறைக்குள் வந்து, இதே டாக்டரின் பக்கத்தில் நிற்கப்போகிறவள் அவள்.

"ஆறு வாரமா?" என்றார் டாக்டர், அவளைப் பார்த்து. "கூடவே இருக்கீங்க. சட்டை மாட்டி விடறீங்க, தட்டுல பிச்சுப் போடறீங்க. உங்களுக்குத் தெரியவே இல்லையா?"

"அவளுக்கு எதுவும் தெரியாது டாக்டர்" என்று மாஸ்டர் குறுக்கே பாய்ந்தார். "அவளைக் கேக்காதீங்க. சத்தியமாத் தெரியாது. எல்லாம் நான் பண்ணினது."

"தெரியும் டாக்டர்."

மாஸ்டர் திரும்பினார்.

மனைவி முகக்கவசத்தை இறக்கவில்லை. "எனக்கும் தெரியும்" என்றாள். குரல் நடுங்கவில்லை. "முதல் நாள்லேருந்தே தெரியும். நாண் அறுந்த கை எப்படி விழும், வேணும்னே விடற கை எப்படி விழும்னு தெரியாதா எனக்கு?"

புருஷனை மூன்றாம் மனிதர் முன்னால் தனியே நிற்கவிடக் கூடாது என்று அவசரமாகச் சொன்ன பொய்யா இது? இல்லை, பயிற்சிக்குப் போகப் பயந்து அவளும் அந்தக் கையின் பின்னால்தான் ஒளிந்துகொண்டிருந்தாளா? மாஸ்டர் அந்தக் கண்களையே பார்த்தார். இருபத்து மூன்று வருஷமாகப் பார்க்கும் கண்கள். அவரால் ஒன்றும் படிக்க முடியவில்லை.

டாக்டர் பேனாவின் மூடியைத் தேடி எடுத்து மூடினார். கடிதத்தை அவள் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

"அவருக்குக் கை நல்லா இருக்கு. அது உங்களுக்கும் தெரியும்" என்றார் மெதுவாக. "அப்படின்னா போக வேணாம்னு நினைக்கறது யாரும்மா?"

மணி நாலு நாற்பத்தெட்டு. அவள் கை கடிதத்தின் பக்கம் போகவில்லை.